சுவர் இருக்கிறது, சித்திரம் எங்கே?

குறைந்த செலவில் சுவரை அழகாக்கும் வித்தை இந்தியக் கிராமத்து வீடுகளுக்குப் பழக்கமானது. நகரத்து வாடகை வீடுகள் அங்கிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

புது வீட்டுக்குக் குடிவரும் குடும்பத்திடம் பெரும்பாலும் காசு மிச்சமிருக்காது. அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், லாரி வாடகை, ஜன்னல் திரை என்று கையிருப்பெல்லாம் கரைந்த பிறகுதான் சுவர்கள் கண்ணில் படும். நாலு பக்கமும் வெள்ளை. இரவில் ட்யூப் லைட்டைப் போட்டால் ஹாலுக்கு ஆஸ்பத்திரி வார்டின் களை வந்துவிடும். போதாக்குறைக்கு ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரரின் கண்டிப்பு வேறு.

கடைக்குப் போனால் அங்கே தயாராக இருப்பது கான்வாஸில் அச்சிட்ட புத்தர் முகம். அல்லது ஐந்து துண்டாக வெட்டிய சூரியோதயம். அல்லது உரிக்கும்போது பெயின்ட்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும் ஸ்டிக்கர் மரம். விலை பயமுறுத்தாது. ஆனால் அதே புத்தர் பக்கத்து ஃபிளாட்டிலும் பல் டாக்டரின் வரவேற்பறையிலும் புன்னகைத்துக்கொண்டிருப்பார். ஆறு மாதத்தில் அந்தப் படம் இருப்பதே வீட்டில் யார் கண்ணுக்கும் தெரியாது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இந்தியாவின் சிறந்த சுவர் ஓவியங்களில் பல, காசு புழங்காத வீடுகளில் பிறந்தவை. மூலப்பொருள்: மண், சாணம், அரிசி மாவு, விளக்குக் கரி. வரைந்தவர்கள்: பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள். பட்ஜெட் என்று ஒன்று கிடையாது. இருந்தும் அந்தச் சுவர்கள் உலக அருங்காட்சியகங்கள் தேடும் கலையாக மாறின. சுவரை நிரப்பப் பணத்தைவிட அவசியமானவை எவை என்று அந்த வீடுகள் சொல்கின்றன.

பூகம்பம் காட்டிய ஓவியம்

1934 ஜனவரி 15. வட பிகாரைப் பெரும் பூகம்பம் உலுக்கியது. மதுபனி பகுதியில் சேதத்தைப் பார்வையிடப் போன பிரிட்டிஷ் அதிகாரி டபிள்யூ.ஜி. ஆர்ச்சர், இடிந்த மண் வீடுகளின் உட்சுவர்களில் ஓவியங்களைக் கண்டார். வெளியாட்கள் எளிதில் நுழைய முடியாத அறைகள் அவை. ஆர்ச்சர் புகைப்படம் எடுத்தார். 1949-ல் 'மார்க்' கலை இதழில் கட்டுரை எழுதினார். மிதிலைப் பெண்களின் சுவரை வெளியுலகம் பார்த்தது இப்படித்தான்.

அந்த ஓவியங்களில் முக்கியமானவை 'கோஹ்பர்' அறையில் வரையப்படுபவை. கோஹ்பர் என்றால் மணமக்கள் அறை. தாமரைக் கொடி, மூங்கில், மீன், ஆமை, கிளி என்று வம்சம் தழைக்க வாழ்த்தும் உருவங்கள் அங்கே சுவரை நிறைக்கும். வீடு முழுக்க இப்படி வரைவதில்லை. வீட்டில் எந்தச் சுவருக்கு மதிப்பு அதிகமோ அதற்குத்தான் அத்தனை உழைப்பும். இன்றைய இன்டீரியர் டிசைனர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் 'ஒரு சுவரை மட்டும் எடுப்பாக்குங்கள்' என்ற ஆலோசனையை மிதிலை வீடுகள் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்து வந்திருக்கின்றன.

அடுத்த திருப்பத்துக்குக் காரணம் பஞ்சம். 1966-67-ல் பிகாரைக் கடும் வறட்சி தாக்கியது. அகில இந்திய கைவினை வாரியத்தில் இருந்த புபுல் ஜெயகர், பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை மதுபனிக்கு அனுப்பினார். சுவரில் வரைவதைக் காகிதத்தில் வரையச் சொல்லி வாங்கினார் குல்கர்னி. ஜகதம்பா தேவி, சீதா தேவி, கங்கா தேவி போன்றவர்களின் பெயர்கள் வெளியே தெரிந்தது இதற்குப் பிறகுதான். ஜகதம்பா தேவி 1975-லும் சீதா தேவி 1981-லும் பத்மஸ்ரீ பெற்றார்கள். சாணம் கரைத்த நீர் பூசிய கைக்காகிதத்தில் வரைவது வழக்கமானது. பழைய மண் சுவரின் நிறம் காகிதத்துக்கும் வந்தது.

வாடகை வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. சுவரில் இருக்கும் ஓவியத்தை வீடு மாறும்போது எடுத்துப் போக முடியாது. காகிதத்தில் இருப்பதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். வாடகை வீட்டில் செலவழிக்கும் பணம், கழற்றி எடுத்துப் போகக்கூடிய பொருளுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டே நிறம்

அதே பாஸ்கர் குல்கர்னிதான் பிறகு மகாராஷ்டிரத்தின் வார்லி பழங்குடியினரிடமும் காகிதத்தைக் கொண்டு சேர்த்தார். மும்பைக்கு வடக்கே, டஹாணு வட்டாரத்தில் (அன்று தாணே மாவட்டம், 2014 முதல் பால்கர் மாவட்டம்) வார்லிகளின் குடிசைச் சுவர் செம்மண் நிறத்தில் இருக்கும். அதன் மேல் அரிசி மாவைக் கரைத்து, நுனியைக் கடித்துப் பிரஷ் போலாக்கிய மூங்கில் குச்சியால் வரைவார்கள். வட்டம், முக்கோணம், கோடு. இந்த மூன்றை வைத்தே நாற்று நடும் பெண், மரம் ஏறும் ஆள், தார்ப்பா வாத்தியத்தைச் சுற்றி ஆடும் கூட்டம் எல்லாம் வந்துவிடும். கல்யாணத்தின்போது சுமங்கலிகள் வரைந்துவந்த இதைத் தன் தினசரி வேலையாக்கிக்கொண்ட ஆண், ஜிவ்யா சோமா மாஷே. 2011-ல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 2018-ல் காலமானார்.

ஜார்க்கண்டின் ஹஜாரிபாக் பகுதியில் பிரஷ்கூட வேண்டாம். உடைந்த சீப்பு போதும். 'கோவர்' என்ற கல்யாணக் காலச் சுவருக்கு முதலில் கறுப்பு மண் பூச்சு. காய்ந்ததும் அதன் மேல் வெள்ளை மண் பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே சீப்பால் கீறினால் அடியில் இருக்கும் கறுப்பு கோடுகோடாக எட்டிப் பார்க்கும். யானை, மயில், செடி என்று சுவர் நிறையும். தீபாவளியை ஒட்டி வரும் அறுவடைத் திருநாளுக்கு 'சோஹ்ராய்' ஓவியங்கள் தனி. செம்மண், மஞ்சள் மண், கறுப்பு, வெள்ளை எல்லாம் அந்தந்தப் பகுதி மண்ணிலிருந்தே கிடைக்கும். சோஹ்ராய்-கோவர் ஓவியங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுபனிக்கு அது 2007-லேயே கிடைத்துவிட்டது.

மூன்று இடங்களுக்கும் பொதுவான விதிகள் சில உண்டு. நிறங்கள் குறைவு. சுவர் முழுக்க ஒரே கையின் நடை. சும்மா ஒரு நாள் தோன்றிச் செய்ததல்ல, ஒரு விசேஷத்துக்காகச் செய்தது. பழசானால் மெழுகிவிட்டு அடுத்த வருடம் மறுபடி வரைவது. இதில் எதற்கும் பெரிய செலவில்லை.

காலண்டர் என்ற கலைக்கூடம்

நகரத்து நடுத்தர வீடுகள் சுவரை நிரப்பியது வேறு வழியில். ராஜா ரவி வர்மா 1894-ல் மும்பையில் அச்சகம் தொடங்கினார். அரண்மனையில் மட்டும் இருந்த லட்சுமியும் சரஸ்வதியும் வண்ண அச்சில் சாதாரண வீடுகளுக்கு வந்தார்கள். பின்னாளில் அந்த வேலையை சிவகாசி எடுத்துக்கொண்டது. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898-1976) வரைந்த முருகனும் மீனாட்சியும் காலண்டராகி எத்தனையோ வீடுகளில் பூஜையறைத் தெய்வங்களே ஆனார்கள். மளிகைக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த காலண்டரில் தேதித் தாள் தீர்ந்ததும் படத்தை மட்டும் வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டிய வீடுகள் ஏராளம்.

இன்று அது பழைய பாணி என்று ஒதுக்கப்படுகிறது. காரணமில்லாமல் ஒதுக்க வேண்டியதில்லை. பரணில் கிடக்கும் பழைய சாமி படங்களையும் காலண்டர் படங்களையும் ஒரே மாதிரி மெல்லிய கறுப்பு பிரேமில் போட்டு ஆறேழாக ஒரே சுவரில் மாட்டினால், கடையில் வாங்கும் எந்த அச்சுக் கான்வாஸையும்விட அதற்குக் களை அதிகம். தாத்தா, பாட்டி கல்யாணப் படங்களுக்கும் இதே வைத்தியம்தான். அசல் படத்தை மாட்ட வேண்டாம். வெளிச்சத்தில் மங்கிப்போகும். ஸ்கேன் செய்து பிரதி எடுத்து மாட்டிவிட்டு, அசலைப் பெட்டியில் பத்திரப்படுத்தலாம்.

பெயின்ட்டும் துணியும்

செலவு குறைந்த பெரிய மாற்றம், ஒரே ஒரு சுவரின் நிறத்தை மாற்றுவது. பத்தடிக்குப் பத்தடி சுவர் என்றால் நூறு சதுர அடி. சாதாரண எமல்ஷன் ஒரு லிட்டர், ஒரு கோட்டுக்கு நூறு சதுர அடிக்குக் குறையாமல் வரும். இரண்டு கோட்டுக்கு இரண்டு லிட்டர் போதும். ஒரு ரோலர், ஓரங்களுக்கு ஒரு பிரஷ், மாஸ்கிங் டேப். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. வீட்டுக்காரர் அனுமதி முக்கியம். போகும்போது வெள்ளை அடித்துக் கொடுத்துவிடுகிறோம் என்று முன்கூட்டியே பேசிவிட்டால் பலர் சம்மதிப்பார்கள்.

எந்த நிறம்? காவி, செங்கல், மஞ்சள் மண் போன்ற மண் நிறங்கள் இந்திய வெயிலுக்கும் மர நாற்காலிக்கும் ஒத்துப்போகும். ஜன்னல் இருக்கும் சுவரை விட்டுவிட்டு அதற்கு எதிர்ச் சுவரைத் தேர்ந்தெடுத்தால் வெளிச்சம் விழுந்து நிறம் எடுப்பாகத் தெரியும். காவிச் சுவரில் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட்டால் வட்டமும் முக்கோணமுமாக வீட்டுப் பிள்ளைகளே வரையலாம். வரைவது வார்லிகளின் கல்யாணச் சடங்குப் படமாக இருக்க வேண்டாம். அது அவர்கள் வழிபாடு. தங்கள் தெருவை, பள்ளிக்கூட வேனை, மொட்டை மாடியை வரையட்டும். நேராக வராத கோட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். வார்லி சுவரிலும் ஸ்கேல் வைத்து யாரும் கோடு போட்டதில்லை.

பெயின்ட்டே கூடாது என்றால் துணி இருக்கிறது. கிழிந்த பட்டுப் புடவையின் முந்தானை, வங்காளத்துக் காந்தா தையல் போர்வை, கட்ச் பகுதியின் கண்ணாடி பதித்த தோரணம், அஸ்ஸாமின் சிவப்புக் கரை போட்ட கமோசா, ஆந்திரத்துக் கலம்காரித் துண்டு. இவற்றில் ஏதாவது ஒன்று பல வீட்டு பீரோவில் மடிப்பு கலையாமல் கிடக்கும். மேல் ஓரத்தை மடித்து உறைபோல் தைத்து, அதில் மூங்கில் கழியைச் செருகி, இரு முனையிலும் கயிறு கட்டித் தொங்கவிட்டால் ஒரு பெரிய சுவர் நிறைந்துவிடும். செலவு தையல் கூலியும் கழியின் விலையும்தான். எதிரொலிக்கும் வெற்று ஹாலில் துணி கொஞ்சம் சத்தத்தையும் உறிஞ்சும். அச்சு ஓவியம் இந்த உபகாரத்தைச் செய்யாது.

மாட்டும் முறை

நல்ல படங்களும் சோபிக்காமல் போவதற்கு முக்கியக் காரணம் உயரம். பலர் ஜன்னலின் மேல் சட்டத்துக்கு நேராகப் படத்தை மாட்டிவிட்டுக் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கிறார்கள். அருங்காட்சியகங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 57 முதல் 60 அங்குல உயரத்தில் இருக்கும்படி மாட்டுவது வழக்கம். நிற்பவரின் கண் மட்டம் அது. பாய் விரித்துத் தரையில் உட்காரும் வீடானால் இன்னும் அரை அடி இறக்கலாம்.

பல படங்களை மாட்டுவதாக இருந்தால் முதலில் தரையில் பரப்பிப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு படத்தின் அளவுக்கும் பழைய செய்தித்தாளை வெட்டி, மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பார்க்கலாம். காகிதத்தை நகர்த்துவது சுலபம். ஆணி துளையை நகர்த்த முடியாது. படங்களுக்கிடையே இரண்டு, மூன்று அங்குல இடைவெளி போதும். அதற்கு மேல் போனால் தொகுப்பு என்ற எண்ணம் போய்த் தனித்தனியாகச் சிதறிவிடும். சோபாவுக்கு மேலே மாட்டும்போது மொத்த அகலம் சோபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

ஆணி விஷயத்தில் ஒரு சமரசம் உண்டு. சுவரின் நீளத்துக்கு ஒரு மர ரீப்பர் பட்டையை வாங்கி, சுவர் நிறத்தையே அடித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, மூன்று அல்லது நான்கு இடங்களில் மட்டும் டிரில் போட்டு பிளக் வைத்து ஸ்க்ரூ முடுக்கிவிட வேண்டும். அதன் பிறகு எத்தனை படங்கள் வேண்டுமானாலும் அந்தப் பட்டையில் கொக்கி மாட்டிக் கயிற்றில் தொங்கும். படத்தை மாற்றலாம், இடம் மாற்றலாம். புதிதாக ஒரு துளையும் விழாது. காலி செய்யும்போது நான்கு துளைகளைப் பட்டி வைத்து அடைத்தால் தீர்ந்தது.

ஓதம் வாங்கும் வெளிப்பக்கச் சுவரில் காகித ஓவியங்களை மாட்டவே கூடாது. வேறு சுவரே இல்லையென்றால் பிரேமின் பின்பக்கம் நான்கு மூலையிலும் கார்க் துண்டை ஒட்டிக் காற்று போக வழிவிட வேண்டும். நேர் வெயில் படும் இடமும் ஆகாது. இயற்கைச் சாயம் சீக்கிரம் வெளுக்கும். கையால் வரைந்த ஓவியத்தை லாமினேட் செய்வது அதைவிடப் பெரிய தவறு. அதைப் பிறகு பிரிக்கவே முடியாது.

கையா, அச்சா?

பட்ஜெட் கணக்கில் பலரும் தவறவிடும் உண்மை ஒன்று. அச்சடித்த பெரிய கான்வாஸின் விலைக்கு, கையால் வரைந்த சிறிய மதுபனி அல்லது வார்லி ஓவியம் கிடைத்துவிடும். அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரிய அசல் ஓவியங்கள் சில நூறு ரூபாய்க்கு விற்கின்றன. அகலமான வெள்ளை மவுண்ட் வைத்து பிரேம் போட்டால் சின்ன ஓவியமும் பெரிய சுவரைத் தாங்கும்.

ஆனால் 'மதுபனி' என்ற பெயரில் வருவதெல்லாம் மதுபனி அல்ல. இயந்திரத்தில் அச்சிட்ட படங்களும் அதே பெயரில்தான் விற்பனையாகின்றன. கண்டுபிடிப்பது கடினமில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அச்சில் பல நிறப் புள்ளிகள் தெரியும். கையால் போட்ட கோட்டில் மை ஒரு இடத்தில் தடித்தும் ஒரு இடத்தில் மெலிந்தும் இருக்கும். கைக்காகிதத்தின் பின்பக்கம் மை லேசாக ஊறியிருக்கும். அதே படத்தின் இன்னொரு பிரதியைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எளிய சோதனை. இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் அது கை வேலை இல்லை.

தில்லியில் 1994-ல் தொடங்கிய தில்லி ஹாட், பாபா கரக் சிங் சாலையில் வரிசையாக இருக்கும் மாநில அரசு எம்போரியங்கள், பல நகரங்களில் அவ்வப்போது நடக்கும் கைவினைக் கண்காட்சிகள் ஆகியவை வாங்குவதற்கு ஏற்ற இடங்கள். வரைந்தவரே கடையில் உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. யார் வரைந்தது, எந்த ஊர் என்று கேட்டு ஓவியத்தின் பின்னால் எழுதி வாங்கலாம். பேரம் பேசுவதற்கு முன், கைநுணுக்கமான ஓவியம் ஒன்றுக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பது நல்லது. பதில் வந்ததும் பேரத்தில் பாதி தானாகவே நின்றுவிடும்.

வெள்ளையடிக்கும் முன்

தில்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஒரு அறை இருந்தது. புற்றுநோய்க்கு தில்லியில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த கடைசி நாட்களில் கங்கா தேவி அதன் சுவர்களில் கோஹ்பர் ஓவியத்தை வரைந்தார். கணவரால் கைவிடப்பட்ட ஒரு பெண், மணமக்களை வாழ்த்தி வரைந்த அறை. 1991-ல் அவர் இறந்தார். 2015-ல், புதுப்பிக்கும் வேலையின்போது அந்தச் சுவரோவியம் அழிந்துபோனது. விஷயம் வெளியே தெரிந்து கலைஞர்கள் கொதித்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

சுவர் ஓவியம் அழிவது புதிதில்லை. மிதிலையிலும் ஹஜாரிபாக்கிலும் அது அழிக்கப்பட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. வித்தியாசம், அங்கே மெழுகிய அதே கை மறுபடியும் வரையும், அல்லது மகளுக்குச் சொல்லிக்கொடுக்கும். அருங்காட்சியகச் சுவரில் மறுபடி வரையக் கங்கா தேவி இல்லை. கிராமங்களிலும் மண் வீடுகள் சிமென்ட் வீடுகளாகின்றன. கூரை ஒழுகாத வீடு வந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மண் பூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் சிமென்ட் சுவர் பிடித்துக்கொள்வதில்லை. வரையும் கை பழக்கத்தை இழக்கிறது. அந்தக் கைக்கு இன்று மிச்சமிருக்கும் சுவர்களில் முக்கியமானது நகரத்தில் யாரோ ஒருவருடைய ஹால் சுவர்தான், காகிதத்தின் மூலமாக.

ஆகவே பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வெள்ளையடிக்கும்போது ஒரு சுவரை மட்டும் தனியாக யோசித்து வைக்கலாம். வீட்டில் எல்லோரும் உட்காரும் இடத்துக்கு எதிரே இருக்கும் சுவர். இந்த வருடம் அதற்கு ஒரு நிறம், அல்லது பாட்டியின் முந்தானை, அல்லது கையால் வரைந்த ஒரே ஒரு சிறிய ஓவியம். மற்ற மூன்று சுவர்களும் அடுத்தடுத்த வருடங்களுக்குக் காத்திருக்கட்டும். ஒரே மாதத்தில் நாலு சுவரையும் நிரப்பியாக வேண்டும் என்ற அவசரம்தான் குடும்பங்களை அந்த அச்சு புத்தரிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது.